அன்அப்ரூவ்டு மனை வரன்முறை, பட்டா, கைடுலைன் வேல்யூ: சென்னைப் புறநகரில் ஏறிய நில விலை யார் கைக்குப் போனது?

ஏரிக்கரை_ஆவடி

வணக்கம் நண்பர்களே. நிலச் சட்டம் மாறினால் விலை என்ன ஆகும் என்று கேட்டால், அப்ரூவல் வந்தால் ஏறும், வராவிட்டால் இறங்கும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏறிய பணம் யாருக்குப் போனது என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

எங்கள் பக்கம் தொண்ணூறுகளில் விளைநிலத்தைத் துண்டு போட்டு மனையாக விற்றார்கள். ஒரு வரைபடம், அதில் ஊராட்சித் தலைவர் கையெழுத்து, முத்திரை. அதற்குப் பெயர் பஞ்சாயத்து அப்ரூவல். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி தனியாகப் போடும் கையெழுத்துக்கு மனைப்பிரிவில் மதிப்பில்லை என்பது வாங்கியவர்களில் பலருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், ஆட்டோ ஓட்டியவர்கள், சீட்டுப் பணத்தில் வாங்கியவர்கள். சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிந்து கொடுத்தது. அரசு முத்திரைத் தீர்வையை வாங்கிக்கொண்டது. பிறகு 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 20 முதல், அத்தகைய பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அந்த மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகரிக்கும் வரன்முறை விதிகள் வெளியானது 2017 மே 4 அன்று.

இடையில் சுமார் எட்டு மாதம். நிலம் அதே நிலம், ரோடு அதே மண் ரோடு. ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவசரத்துக்கு விற்றவர்கள் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். காத்திருக்க வசதி இருந்தவர்கள் வாங்கிப்போட்டு, விதிகள் வந்ததும் கட்டணம் கட்டி, ஒழுங்கான மனையாக விற்றார்கள். இந்தச் சீர்திருத்தம் புதிதாக மதிப்பை உருவாக்கியதைவிட, இருந்த மதிப்பைக் கை மாற்றிவிட்டதுதான் அதிகம் என்பது என் வாதம். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

பத்திரம்_சுந்தரம்

ஆவடி சார், பத்திரம் எழுதுவது என் தொழில். அந்த மாதங்களில் நடந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பெண்ணுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தவர்கள் பத்திரப் பையோடு வாசலிலேயே நிற்பார்கள். பதிய முடியாது என்றதும் விற்பனை நிற்கவில்லை, வேறு வழியில் போனது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கிரைய ஒப்பந்தம், நோட்டரி கையெழுத்து, முழுப் பணமும் கைமாற்று, மனையின் சுவாதீனம் ஒப்படைப்பு. பதிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தை. வாங்குபவருக்கு ரிஸ்க் இருப்பதால் விலையை நன்றாக அடித்துக் கேட்டார்கள்.

ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு வந்துவிட்டது. ரொக்கத்தில் ஓடும் மனை வியாபாரத்துக்கு அது பெரிய அடி. அந்தக் காலத்து விலைச் சரிவு முழுவதையும் நீதிமன்றத் தடையின் மேல் எழுத முடியாது. இன்னொன்று, 22-ஏ பிரிவிலேயே ஒரு விலக்கு இருந்தது. அதே மனை முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுவிற்பனையைப் பதியலாம். எங்கள் வட்டாரத்தில் அந்த விலக்கு ஒழுங்காகப் புழக்கத்துக்கு வரவே 2017 கோடை ஆகிவிட்டது. அதற்குள் விற்க வேண்டியவர்கள் விற்று முடித்திருந்தார்கள்.

நகரமைப்பு_மாணவி

அந்தத் தடையே தவறு என்ற தொனி வருவதால் எழுதுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்று நினைத்துப் பாருங்கள். வடிகாலுக்கு இடம் விடாமல், வாய்க்காலைத் தூர்த்து, ஏரியின் உள்வாய் வரைக்கும் மனைக்கல் நட்டதற்குக் கொடுத்த விலை அது. முறையான மனைப்பிரிவில் சாலைக்கு அகலம் விட வேண்டும், பெரிய பிரிவென்றால் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கு விட வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் பிரித்தவர்கள் அந்த நிலத்தையும் சேர்த்தே விற்றார்கள். அந்த மனை மலிவாக இருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். வராத ரோட்டுக்கும் பூங்காவுக்கும் ஆகும் செலவை ஊரின் தலையில் போட்டுவிட்டார்கள்.

வரன்முறை விதிகள் நீர்நிலையில் உள்ள மனைகளை விலக்கி வைத்தன. பொதுச் சாலை, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம், உயர் அழுத்த மின்பாதைக்குக் கீழே உள்ள இடம் ஆகியவற்றுக்கும் அனுமதி இல்லை. அந்த வரம்பு சரியானது. அதைத் தளர்த்தினால் அடுத்த வெள்ளத்தில் இன்னொரு முடிச்சூரைப் பார்ப்போம்.

ஏரிக்கரை_ஆவடி

மேடம், வரம்பு சரி என்பதில் எனக்கும் ஐயமில்லை. கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். பிரித்து விற்ற புரோமோட்டர் பல இடங்களில் தொடர்பிலேயே இல்லை. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், திறந்தவெளி நிலத்துக்கு ஈடான கட்டணம் எல்லாம் மனை வாங்கியவர் தலையில் விழுந்தன. எதிர்ப்பு வந்த பிறகு அரசு கட்டணத்தைக் குறைத்தது, கடைசித் தேதியையும் பல முறை தள்ளிப்போட்டது. இருந்தாலும் கட்டியது சின்ன ஆள்தான்.

விதிகளில் இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். ஒரு மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20க்கு முன்பு ஒரே ஒரு மனை விற்றுப் பதிவாகியிருந்தாலும் அந்த மனைப்பிரிவு வரன்முறைக்குத் தகுதி பெறும். நூறு மனையில் நாற்பதை விற்றுவிட்டு அறுபதைக் கையில் வைத்திருந்த புரோமோட்டருக்கு என்ன கிடைத்தது? முதல் நாற்பது பேரை ஏமாற்றி விற்ற அதே நிலத்தில், மீதி அறுபதும் அங்கீகாரம் பெற்ற மனையாக மாற வழி கிடைத்தது. விலை ஏற்றத்தில் பெரிய பங்கு அங்கேதான் போனது. தடை இருந்த மாதங்களில் ஏற்கெனவே டிடிசிபி அப்ரூவல் வைத்திருந்த பெரிய நிறுவனங்களுக்கும் நல்ல காலம். போட்டிக்கு இருந்த மலிவு மனைகள் சந்தையிலிருந்தே விலகிவிட்டன.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் அப்ரூவலையே பேசுகிறீர்கள். அதே 2017இல், ஜூன் மாதம், கைடுலைன் வேல்யூவில், அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பில், நடந்ததை யாரும் தொடவில்லை. ஜூன் 9 முதல் தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். பிறகு 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி மனை, வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017க்கு முன்பு மதிப்பு 12 லட்சம், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 8 சதவீதம், ஆக 96,000 ரூபாய். ஜூன் 2017க்குப் பிறகு மதிப்பு 8,04,000, மொத்தம் 11 சதவீதம், ஆக 88,440 ரூபாய். 2023 ஏப்ரலில் மறுபடி 12 லட்சம், 9 சதவீதம், ஆக 1,08,000 ரூபாய். 33 சதவீதக் குறைப்பு என்று பேர் பெரிது, வாங்கியவருக்கு மிச்சமானது ஏழாயிரத்துச் சொச்சம்.

ஆனால் பத்திரத்தில் காட்டும் தொகைக்கும் உண்மையில் கைமாறும் தொகைக்கும் இடையே இருந்த பள்ளம் ஆழமானது. அந்தப் பள்ளத்தில் ஓடுவதுதான் கணக்கில் வராத பணம். வங்கிக் கடனை நம்பி வாங்குகிற சம்பளக்காரர் அதில் தோற்றுப்போவார், ஏனென்றால் பத்திரத்தில் ஏறாத தொகைக்கு வங்கி கடன் தராது. ரொக்கம் வைத்திருப்பவர் ஜெயிப்பார். சாலைக்கும் மெட்ரோவுக்கும் நிலம் கொடுத்தவர்களையும் இது தொட்டது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி இழப்பீட்டைக் கணக்கிடும்போது வழிகாட்டி மதிப்பும் ஒரு அளவுகோல்.

பத்திரம்_சுந்தரம்

கணக்கு மிகச் சரி. ஒன்று சேர்க்கிறேன். மதிப்பு ஏறும் என்று செய்தி கசிந்தால் போதும், தேதிக்கு முந்தைய வாரம் பத்திரம் பதிய டோக்கன் கிடைக்காது. விலையும் அந்த வாரமே நகர்ந்துவிடும். அரசாணை கைக்கு வரும்போது சந்தை அதைத் தாண்டிப் போயிருக்கும்.

செல்வி_புறம்போக்கு

நீங்கள் பேசுவதெல்லாம் பத்திரம் கையில் இருப்பவர்கள் கதை. எங்களிடம் பத்திரமே இல்லை. எங்கள் தெரு வருவாய்க் கணக்கில் அரசுப் புறம்போக்கு. என் மாமனார் காலத்தில் வந்து குடியேறினோம். வீட்டு வரி கட்டுகிறோம், ஈபி பில் கட்டுகிறோம், ரேஷன் கார்டு இதே முகவரியில். அதே நேரத்தில் பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீசும் வந்துகொண்டிருந்தது. வரி வாங்குவதும் ஒரே அரசு, ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் தருவதும் அதே அரசு.

சென்னையைச் சுற்றிய பெல்ட் ஏரியாவில் புறம்போக்குக்குப் பட்டா தரக் கூடாது என்று 1962லேயே தடை போட்டுவிட்டார்கள். கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வீட்டுமனைப் பட்டா கிடைத்தது. எனக்குக் கிடைக்காமல் போனதற்கு ஒரே காரணம் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான். 2025 பிப்ரவரியில்தான் ஆட்சேபனையற்ற புறம்போக்கில், அதாவது நீர்நிலை போன்ற வகையில் வராத அரசு நிலத்தில், இருக்கும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா தர அமைச்சரவை முடிவெடுத்தது. அதில் 29 ஆயிரத்துக்குச் சற்று மேல் இந்த பெல்ட் ஏரியாவில், மற்றவை மதுரை, திருநெல்வேலி போன்ற நகரங்களில்.

விலை ஏறுமா என்று கேட்கிறீர்கள். ஏறும். ஆனால் நான் விற்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது தளம் போடும் தைரியம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றலாம் என்று பேச்சு எடுக்கும்போதெல்லாம், நாளைக்கு இடித்துவிட்டால் என்ன செய்வது என்று என் வீட்டுக்காரர் நிறுத்திவிடுவார். அந்தப் பயம் போனால் எங்கள் தெருவில் பாதி வீடு மாறிவிடும்.

ஆய்வுமேசை

செல்வி அக்கா சொன்னது உலகத்தில் வேறு இடத்திலும் அப்படியே நடந்திருக்கிறது. அர்ஜென்டினாவில், புவெனஸ் ஐரெஸ் நகரின் புறநகரில் 1981இல் ஏழைக் குடும்பங்கள் ஒரு காலி நிலத்தில் குடியேறின. அது தனியார் நிலம் என்பது பிறகுதான் தெரிய வந்தது. 1984இல் அந்த நிலத்தை எடுத்து மக்களுக்குக் கொடுக்க மாகாணம் சட்டம் போட்டது. சில உரிமையாளர்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் வழக்குப் போட்டார்கள். அதனால் ஒரே குடியிருப்பில், ஒரே மாதிரி மக்களில், ஒரு பகுதிக்கு உரிமைப் பத்திரம் வந்தது, இன்னொரு பகுதிக்கு வரவில்லை. யாருக்கு வந்தது என்பது குடும்பத்தின் சாமர்த்தியத்தைப் பொறுத்ததல்ல.

பின்னாளில் பொருளியல் அறிஞர்கள் கலியானியும் ஷார்க்ரோட்ஸ்கியும் இரு பகுதியையும் ஒப்பிட்டார்கள். பத்திரம் கிடைத்தவர்களின் வீடுகள் தரமாக இருந்தன, சுவரும் கூரையும் நல்லவை. பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள். ஆனால் வங்கிக் கடன் பெரிதாகக் கூடவில்லை, வருமானமும் கூடவில்லை. பெருவில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நகரக் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். அங்கும் தனியார் வங்கிகள் வரிசையில் வந்து நிற்கவில்லை. வேறொன்று நடந்தது. இடத்தைக் காவல் காக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டிய தேவை குறைந்ததால், வெளியே வேலைக்குப் போகும் நேரம் கூடியது.

பட்டா கொடுத்தால் ஏழை அதை அடகு வைத்துத் தொழில் தொடங்குவான் என்ற வாதத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது. வங்கி பார்ப்பது மாதச் சம்பளத்தை.

வாடகை_வீடு

நான் செல்வி அக்கா சொன்ன மாதிரித் தெருவில் குடித்தனம் இருப்பவன். பட்டா வந்தால் உரிமையாளர் மாடி எடுப்பார், வாடகையும் ஏறும். அதே தெருவில் எத்தனையோ வருடம் இருந்த குடித்தனக்காரருக்கு எந்தப் பட்டாவிலும் பெயர் கிடையாது. நில உரிமைச் சீர்திருத்தம் என்றால் உரிமையாளருக்கு மட்டும்தானா? தளம் போட்டால் மழைக்கு ஒழுகாத வீடு எங்களுக்கும்தான் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாக்கம் மாதிரி ஊரின் கோடியில் வீடு தரும் திட்டத்தில்கூடக் குடித்தனக்காரருக்கு ஆதாரம் காட்டுவதே பெரும்பாடு.

பத்திரம்_சுந்தரம்

செல்வி அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பட்டா கைக்கு வந்ததும் பின்பக்கம் உள்ள நிபந்தனைகளை ஒருவரை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அரசு ஒப்படைக்கும் மனையில் இத்தனை ஆண்டுக்குள் விற்கக் கூடாது, வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று இருக்கும். மீறினால் ரத்து செய்யலாம். இது தெரியாமல் பலர் இருக்கிறார்கள், தெரிந்தே வந்து வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். நிபந்தனை உள்ள மனையைச் சந்தை விலைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, நிபந்தனைக் காலம் முடியும்வரை காத்திருந்து, பிறகு வாரிசுகளிடம் கையெழுத்துக்கு வருவார்கள்.

இதற்குச் சென்னையிலேயே முன்கதை இருக்கிறது. உலக வங்கிக் கடனில் எழுபதுகளின் இறுதியில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதியும் சேர்த்துத் தவணையில் கொடுத்தார்கள். முதல் ஒதுக்கீட்டாளரிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒதுக்கீட்டு ஆணை ஒருவர் பேரில், வீடு இன்னொருவர் அனுபவத்தில், கிரயப் பத்திரம் இன்னும் வாங்காமல். அத்தகைய வீட்டுக்கும் பக்கத்தில் சுத்தமான பத்திரம் உள்ள வீட்டுக்கும் விலை வித்தியாசம் என்னவென்று அந்தப் பக்கத்துத் தரகர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நகரமைப்பு_மாணவி

அரும்பாக்கத்தை நல்ல உதாரணமாகவும் சொல்லலாம் சார். அங்கே முதலிலேயே தெரு போட்டு, குழாய் போட்டு, பிறகு மனையைக் கொடுத்தார்கள். மனை சின்னது, ஆனால் தெரு ஒழுங்கு. இன்று பக்கத்தில் மெட்ரோ ஓடுகிறது, வீடுகள் மாடி மாடியாக எழுந்திருக்கின்றன. தெருவை யாரும் விழுங்க முடியவில்லை. பட்டா முதலில், ரோடு பிறகு என்றால் ரோட்டுக்கு நிலம் எங்கிருந்து எடுப்பீர்கள்? விலையைத் தாங்கி நிறுத்துவது அந்தத் தெருதான் என்று நினைக்கிறேன்.

ஏரிக்கரை_ஆவடி

இதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் வரன்முறை ஆணை வாங்கிய மனைப்பிரிவிலேயே, பேருந்துச் சாலையை ஒட்டிய வரிசை வேகமாக விற்கிறது. உள்ளே பத்தடிச் சந்தில் இருக்கும் மனை, அதே ஆணை இருந்தும், அப்படியே கிடக்கிறது. ஆணை வந்தால் கடன் கிடைக்கும், பிளான் அப்ரூவல் கிடைக்கும். வண்டி வந்து நிற்க இடம் கிடைக்காது.

புதுமனை_கார்த்தி

எல்லோருக்கும் வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் வரன்முறை செய்த மனை ஒன்று பார்த்திருக்கிறேன், வழிகாட்டி மதிப்பு பத்து லட்சத்துக்குள் வருகிறது. மனைவி பேரில் பதியலாம் என்று எண்ணம். எதைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பத்திரம்_சுந்தரம்

தம்பி, மனைவி பேரில் பதிவது நல்லது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

முதலில் வரன்முறை ஆணை எதற்கு வந்தது என்று பாருங்கள். மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் என்பது வேறு, உங்கள் மனை எண்ணுக்கு வந்த தனி ஆணை என்பது வேறு. முதலாவதைக் காட்டியே விற்றுவிடுகிறார்கள். அப்புறம் வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குக் குறையாமல் போடுங்கள். மூலப் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணை, நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் தேடி, அது என்ன வகை நிலம் என்று பாருங்கள். ஏரி, வாய்க்கால், மேய்க்கால், கோயில் நிலம் என்று ஏதாவது இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சென்னைக்கு நெருங்கிய இடமாக இருந்தால் நகர்ப்புற நில உச்சவரம்பையும், அதாவது ஒருவர் வைத்திருக்கும் நகர நிலத்துக்கு வரம்பு வைத்து மிகுதியை அரசு எடுத்த சட்டத்தையும், விசாரியுங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தை 1999 ஜூனில் ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே அரசு சுவாதீனம் எடுத்த நிலம் அரசுடையதுதான். பத்திரம் பக்கா, வில்லங்கம் சுத்தம், பட்டா மட்டும் வராது என்று தவிக்கும் குடும்பங்களில் பல இந்த வகை. வில்லங்கச் சான்றில் இது தெரியாமலே போகலாம், தாலுகா அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

நகரமைப்பு_மாணவி

கார்த்தி, மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த ரோடு இன்னும் புரோமோட்டர் பேரில் இருக்கும். தார் போடச் சொல்லி உள்ளாட்சியைக் கேட்டால் எங்கள் ரோடே இல்லை என்பார்கள்.

ஏரிக்கரை_ஆவடி

அந்த ரோட்டில்தான் என் கோரிக்கையும் இருக்கிறது. வளர்ச்சிக் கட்டணம் என்று பேர் வைத்து வாங்கிய பணம் அந்த மனைப்பிரிவின் சாலைக்கும் வடிகாலுக்கும் போயிருக்க வேண்டும். எந்த மனைப்பிரிவில் எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று ஒவ்வொரு உள்ளாட்சியும் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். எங்கள் நலச் சங்கம் சார்பில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மனை எண், ஆணை எண், கட்டிய தேதி மூன்றும் இருந்தால் மனு வலுவாக நிற்கும். இதே நிலையில் இருப்பவர்கள் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். மனுவின் வாசகத்தை இந்த வாரத்தில் இங்கேயே பதிகிறேன்.

செல்வி_புறம்போக்கு

அண்ணா, அதில் புறம்போக்குத் தெருக்களுக்கும் ஒரு கேள்வி சேருங்கள். பட்டா தரும்போது தெருவை எத்தனை அடி விட்டு அளக்கப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும். சர்வேயர் வந்து கல் நட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.